வெள்ளைச் சமையலறையும் கறுத்த மடைப்பள்ளியும்

காஞ்சிபுரத்தில் பழைய வீட்டை இடித்துக் கட்டுகிறவர்கள், ஓரிக்கையிலும் செவிலிமேட்டிலும் மனை வாங்கிப் புதிதாகக் கட்டுகிறவர்கள் எல்லோரும் இப்போது சமையலறைக்கு ஒரே நிறத்தைத்தான் கேட்கிறார்கள். வெள்ளை. கைபேசியில் ஒரு படத்தைக் காட்டுவார்கள். வெள்ளைக் கதவு, வெள்ளைக் கல், வெள்ளைச் சுவர், ஓரத்தில் ஒரு தொட்டிச் செடி, கண்ணாடிக் கிண்ணத்தில் நாலு எலுமிச்சம்பழம். அடுப்பு எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். எண்ணெய்த் தூக்கு, மிளகாய்த்தூள் டப்பா, ஊற வைத்த புளி எதுவும் அந்தப் படத்தில் இருக்காது. 'டைம்லெஸ்ஸா இருக்கணும் தம்பி' என்பார்கள். எத்தனை வருடம் ஆனாலும் பழசாகத் தெரியக்கூடாதாம்.

வீட்டுப் படம் போடுவதுதான் என் தொழில். அதனால் இந்த ஆசையைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. நம் ஊரில் சமையலறை என்பது வீட்டில் மிச்சமான இடம். முன்கூடத்துக்கும் பூசை அறைக்கும் கார் நிற்பதற்கும் போக, பின்பக்கம் இருட்டு மூலையில் எட்டடிக்கு ஆறடி ஒதுக்குவார்கள். அந்த இருட்டில் முப்பது வருடம் நின்ற ஒரு பெண், தன் மகள் கட்டும் வீட்டிலாவது வெளிச்சம் வேண்டும் என்று கேட்பதில் என்ன தவறு? வெள்ளைச் சுவர் வெளிச்சத்தைத் திருப்பித் தரும். சின்ன அறையைப் பெரிதாகக் காட்டும். எறும்பு ஊர்வதும் எண்ணெய் வழிந்ததும் உடனே கண்ணில் படும். இதெல்லாம் உண்மையான நன்மைகள்.

தொல்லைகளும் உண்டு. தினம் மஞ்சள் தூள் புழங்கும் அடுப்படியில் வெள்ளை ஒரு சவால். மஞ்சளில் உள்ள குர்குமின் லேசில் போகாத சாயம். வெயில் பட்டால் மங்கும், ஆனால் கவுண்டர் கல்லைத் தூக்கிக்கொண்டு போய் மொட்டை மாடியில் காய வைக்க முடியாது. குவார்ட்ஸ் என்று விற்கிறார்களே அந்த வெள்ளைச் செயற்கைக் கல், அது கல்தூளைப் பிசின் சேர்த்து இறுக்கிய பலகை. அடுப்பிலிருந்து இறக்கிய குக்கரை அப்படியே வைத்தால் பிசின் கருகித் தடம் விழும். பளபளப்பான வெள்ளைக் கதவில் தாளித்த எண்ணெய்ப் புகை படிந்து இரண்டு வருடத்தில் பழுப்பேறும். இது எல்லா மாடுலர் கிச்சன்காரர்களுக்கும் தெரியும், சொல்ல மாட்டார்கள். எஸ்டிமேட் போட்டுக் கையெழுத்து வாங்கிய பிறகு 'தினமும் துடைக்கணும் மேடம்' என்று மெதுவாகச் சொல்வார்கள்.

தினமும் துடைப்பது யார் என்பதில்தான் இந்தக் கட்டுரை தொடங்குகிறது.

சென்ற ஆண்டு ஒரு வீட்டுக்குச் சமையலறை வரைந்தேன். முழு வெள்ளை. வீட்டுக்காரர் படித்தவர், பல ஊர் பார்த்தவர், மரியாதையாகப் பேசுகிறவர். படத்தைப் பார்த்துவிட்டு இரண்டு திருத்தம் சொன்னார். உள்ளே ஒரு சிங்க் இருக்கிறது, வெளியே யுட்டிலிட்டியில் இன்னொரு சிங்க் வேண்டும், பாத்திரம் தேய்க்க வருகிறவர் அங்கேயே தேய்த்துவிட்டுப் போகட்டும் என்றார். யுட்டிலிட்டிக்கு வீட்டைச் சுற்றிப் பின்பக்கமாக வர ஒரு கதவு வேண்டும், உள்ளே இருந்து தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளும்படி, என்றார். ஏன் என்று கேட்டேன். 'ஹைஜீன் தம்பி' என்றார். பிறகு பேச்சோடு பேச்சாக, எனக்கு எந்த ஊர், ஊருக்குள் எந்தத் தெரு என்று விசாரித்தார். தெருவின் பெயரைச் சொன்னதும் அவருக்குக் கிடைக்க வேண்டிய பதில் கிடைத்துவிட்டது. அடுத்த முறை அளவெடுக்கப் போனபோது காபி பேப்பர் கப்பில் வந்தது. அவருக்கு எவர்சில்வர் டம்ளரில் வந்தது.

என் அம்மா பதினோரு வருடம் ஒரு வீட்டில் பாத்திரம் தேய்த்தார். பின்கட்டுக் குழாயடியில் பாத்திரங்கள் வந்து விழும், கழுவிக் கவிழ்த்துவிட்டு வருவார். அந்த வீட்டின் அடுப்பு எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. அவர் கழுவிய பாத்திரத்தின் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்துத்தான் உள்ளே எடுத்துப் போவார்களாம். சோப்புப் போட்டுத் தேய்த்து மூன்று முறை அலசிய பாத்திரத்துக்கு அந்தக் கையளவுத் தண்ணீர் எந்தக் கிருமியைக் கொல்லும் என்று எந்த மருத்துவராவது சொன்னால் தெரிந்துகொள்ளலாம்.

வெள்ளைக்கும் தூய்மைக்கும் இந்த ஊரில் எந்தப் பழைய உறவும் கிடையாது. நம் ஊரில் மிகத் தூய்மையானது என்று சொல்லப்படும் அடுப்படி எது? வரதராசப் பெருமாள் கோயில் மடைப்பள்ளி. அங்கிருந்துதான் குடலை இட்லி வருகிறது. அரிசியும் உளுந்தும் அரைத்த மாவில் மிளகும் சீரகமும் சுக்கும் சேர்த்து, மூங்கில் குடலையில் மந்தாரை இலை விரித்து ஊற்றி வேகவைக்கும் அந்த நீளமான இட்லியை ஊரே பெருமையோடு சாப்பிடுகிறது. நானும் சாப்பிடுவேன், மிளகுக் காரம் எனக்குப் பிடிக்கும். ஆனால் தலைமுறை தலைமுறையாக விறகுப் புகை குடித்த மடைப்பள்ளிச் சுவர் வெள்ளையாக இருக்க வழியில்லை. கரி படிந்திருந்தாலும் அது தூய்மைதான். ஏனென்றால் அங்கே தூய்மையை முடிவு செய்வது சுவர் அல்ல, வாசற்படி. யார் அதைத் தாண்டலாம், யார் தாண்டக்கூடாது என்பதுதான் அங்கே சுத்தத்தின் இலக்கணம். அனைத்துச் சாதியினரும் அர்ச்சகர் ஆகலாம் என்று 2006இல் அரசாணை வந்தது. பயிற்சி முடித்துப் பல ஆண்டு காத்திருந்தவர்களில் சிலருக்கு 2021இல் பணி கிடைத்தது. கருவறைக்காக நடந்த அளவுக்கு வாதமும் வழக்கும் மடைப்பள்ளிக்காக நடக்கவில்லை. அதையும் பேச வேண்டும், தோழர்களே.

ஐரோப்பாவில் வெள்ளைச் சமையலறைக்குக் காரணம் வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நோய்க்குக் காரணம் கிருமி என்று உறுதியானபோது, மருத்துவமனையும் குளியலறையும் அடுப்படியும் வெள்ளை ஓடு பதித்துக்கொண்டன. அழுக்கு தெரிய வேண்டும், தெரிந்தால் துடைக்கலாம், அவ்வளவுதான். அதுகூட எல்லா இடத்திலும் வெள்ளை இல்லை. இன்றைய மாடுலர் கிச்சனுக்கெல்லாம் தாய் என்று சொல்லப்படுவது 1926இல் மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியப் பெண் வடிவமைத்த ஃபிராங்ஃபர்ட் சமையலறை. தொழிலாளர் குடியிருப்புகளுக்காக, ரயிலின் சமையல் பெட்டியைப் பார்த்து, ஏறத்தாழ ஆறரைச் சதுர மீட்டரில் வரைந்தார். ஒரு பெண் அடுப்புக்கும் தொட்டிக்கும் இடையே எத்தனை அடி நடக்கிறாள் என்று கணக்கிட்டு வரைந்தார். ஏறத்தாழ 10,000 வீடுகளில் அது பொருத்தப்பட்டது. அலமாரிக்கு நீலப் பச்சை நிறம் கொடுத்தார்கள், நீலத்தில் ஈ உட்காராது என்று அப்போது நம்பினார்கள். நாஜிகளை எதிர்த்துத் தலைமறைவு வேலை செய்ததற்காக அவர் பின்னாளில் சிறையிலும் கிடந்தார். அவருடைய சமையலறையிலும் குறை உண்டு. ஒரே ஒரு ஆள் நிற்கத்தான் இடம், அந்த ஆள் பெண்தான் என்று அந்த அளவே முடிவு செய்துவிட்டது. ஆனால் சமைக்கிறவளின் கால்வலியை முதலில் கணக்கில் எடுத்த வரைபடம் அது. நம் ஊரில் சமையலறை வரையும்போது முதலில் கேட்கப்படுவது அக்னி மூலை எது என்பதுதான்.

ஆக, கிருமிக்குப் பயந்து ஐரோப்பா பூசிக்கொண்ட வெள்ளையை இங்கே தீட்டுக்குப் போர்த்திவிடுகிறார்கள். 'தீட்டு' என்று சொல்ல வெட்கமாக இருக்கிற தலைமுறைக்கு 'ஹைஜீன்' வசதியான சொல். ஆனால் ஒரு சோதனை வைத்துப் பார்க்கலாம். கிருமிதான் பயம் என்றால், அமெரிக்காவிலிருந்து விமானத்தில் வந்து இறங்கிய மாமா கைகழுவாமல் சமையலறைக்குள் நுழைந்து அப்பளம் எடுத்துத் தின்னும்போதும் அது வர வேண்டுமே? வருவதில்லை. பாத்திரம் தேய்க்கும் அம்மாவின் கை அந்த வீட்டிலேயே அதிக நேரம் சோப்பில் ஊறிய கை. அந்தக் கைக்குத்தான் தனிச் சிங்க்.

இதே நகரத்தில் தினமும் நடக்கிற இன்னொரு சுத்தத்தைப் பாருங்கள். பிள்ளையார்பாளையத்தில் தறி வீடுகள் இருக்கின்றன. முன்கூடம் முழுவதும் குழித்தறி, பின்னால் ஒட்டினாற்போல் அடுப்படி. அங்கே குழம்பு வைக்கிற பெண்தான் தாரும் சுற்றுகிறார், கோர்வைக்குத் துணை உட்கார்கிறார். குழம்புக் கையை நன்றாகக் கழுவி ஈரம் போகத் துடைத்துவிட்டுத்தான் பட்டு இழையைத் தொடுவார். மஞ்சளோ எண்ணெயோ பட்டால் பல நாள் உழைப்பு போச்சு, கூலியும் போச்சு. அது நிஜமான சுத்தம். கை யாருடையது என்று இழை கேட்பதில்லை. கழுவியிருக்கிறதா என்றுதான் கேட்கும். பட்டு நெய்கிற தெருக்கள் சாதி பார்க்காத தெருக்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அவை நன்றாகவே பார்க்கும். தறிக்குத் தெரிந்த நியாயம் தெருவுக்குத் தெரியவில்லை என்றுதான் சொல்கிறேன்.

சமையலறை வாசல்தான் சாதியின் அளவுகோல் என்பதை ஆய்வாளர்களும் கண்டுகொண்டிருக்கிறார்கள். தேசியப் பயன்பாட்டுப் பொருளாதார ஆய்வுக் கழகமும் மேரிலாண்ட் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2011-12இல் நாடு முழுவதும் 42,000க்கும் மேற்பட்ட குடும்பங்களிடம் ஆய்வு நடத்தின. முதல் கேள்வி, உங்கள் வீட்டில் யாராவது தீண்டாமை கடைப்பிடிக்கிறார்களா? இல்லை என்றவர்களிடம் அடுத்த கேள்வி, பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவர் உங்கள் சமையலறைக்குள் வந்தால் அல்லது உங்கள் பாத்திரங்களைப் பயன்படுத்தினால் பரவாயில்லையா? இரண்டில் ஏதோ ஒன்றில் தீண்டாமையை ஒப்புக்கொண்ட குடும்பங்கள் 27 விழுக்காடு. சட்டம் தீண்டாமையை ஒழித்து அறுபது ஆண்டுகள் கழித்து, முகம் தெரியாத ஒருவர் கேட்ட கேள்விக்கு வாய்விட்டுச் சொன்னவர்கள் மட்டும் இத்தனை பேர். என் அனுபவத்தில், பலர் வாயால் சொல்வதில்லை. பிளானில் சொல்கிறார்கள்.

இரண்டாவது சிங்க்கின் கதை வீட்டோடு முடிவதும் இல்லை. 2018 டிசம்பரில் சென்னை ஐஐடி உணவுக்கூடத்தில் சைவ மாணவர்களுக்கும் அசைவ மாணவர்களுக்கும் தனித்தனி வாசல், கைகழுவத் தனித்தனித் தொட்டி என்று அறிவிப்பு ஒட்டினார்கள். அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டத் தோழர்கள் அதை அம்பலப்படுத்திய பிறகு நீக்கினார்கள். 2023இல் மும்பை ஐஐடி விடுதியில் சில மேசைகளைச் சைவத்துக்கு மட்டும் என்று ஒதுக்கினார்கள், அதை மீறி உட்கார்ந்து எதிர்ப்புத் தெரிவித்தவருக்கு 10,000 ரூபாய் அபராதம் போட்டார்கள். அதே ஆண்டு, நம் பெருமைக்குரிய காலை உணவுத் திட்டத்திலும் கரூர் வேலஞ்செட்டியூர், எட்டயபுரம் அருகே உசிலம்பட்டி பள்ளிகளில் தலித் பெண் சமைத்தார் என்பதற்காகப் பிள்ளைகளைச் சாப்பிட விடாமல் தடுத்தார்கள். ஆட்சியரும் அமைச்சரும் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்ட வேண்டியிருந்தது. அதற்கு ஐந்து ஆண்டு முன்பு திருப்பூர் மாவட்டப் பள்ளி ஒன்றில் அருந்ததியர் பெண் சமையலருக்கு இதே கதி. அவரைத்தான் முதலில் இடமாற்றம் செய்தார்கள், போராட்டம் வெடித்த பிறகே திரும்ப அழைத்தார்கள். இந்தப் பள்ளிகளின் சமையல் கூடம் சுத்தமாக இல்லை என்று யாரும் புகார் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

காஞ்சிபுரத்துக்காரன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டு அரசியலின் திசையை மாற்றிய சண்டைகளில் ஒன்று சோற்றுப் பந்தியில் தொடங்கி எங்கள் ஊரில் வந்து வெடித்தது. வ.வே.சு. ஐயர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்துக்குத் தமிழ்நாடு காங்கிரஸ் பணம் கொடுத்திருந்தது. தேசபக்தர்களை வளர்க்கும் அந்தப் பள்ளியில் பார்ப்பனப் பிள்ளைகளுக்கு உணவு தனியாகப் போடப்பட்டது. பெரியாரும் வரதராசுலு நாயுடுவும் எதிர்த்தார்கள். ஒரு வேளைச் சோற்றுக்கு இவ்வளவு சண்டையா என்று அன்றைக்கும் கேட்டவர்கள் உண்டு. 1925 நவம்பரில் காஞ்சிபுரத்தில் நடந்த காங்கிரஸ் மாநாட்டில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்தை எடுத்துக்கொள்ள மறுத்தபோது பெரியார் வெளியேறினார். வெளியேறியதற்கு உடனடிக் காரணம் தீர்மானம்தான். ஆனால் அந்த ஆண்டு முழுவதும் புகைந்துகொண்டிருந்தது குருகுலத்துப் பந்தி. ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பார்ப்பனருக்கும் மற்றவருக்கும் தனித்தனி இடம் என்பது ஒழிய 1941 ஆக வேண்டியிருந்தது. பொது இடத்துப் பந்தியை ஒருவாறு கலைத்துவிட்டோம். வீட்டுக்குள் இருக்கும் பந்தியைக் கலைக்கச் சட்டம் வராது. சேர்ந்து உண்பதால் மட்டும் சாதி ஒழியாது, கலந்து மணப்பதே மருந்து என்று அம்பேத்கர் 1936லேயே எழுதிவிட்டார். உண்மை. ஆனால் சமையலறைக்குள் விடாதவரையா மணமேடைக்கு விடப் போகிறார்கள்?

இன்னொரு வெள்ளையையும் பேச வேண்டும். குவார்ட்ஸ் கல்லின் வெள்ளை. அதில் பத்தில் ஒன்பது பங்குவரை சிலிக்கா. சிங்க்குக்கு ஓட்டை போடவும் விளிம்பை இழைக்கவும் உலர் கட்டரை ஓட்டும்போது பறக்கிற தூசி நுரையீரலில் போய் உட்காரும். அதற்குப் பெயர் சிலிக்கோசிஸ், அதைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. இளம் வயதுத் தொழிலாளர்கள் வரிசையாக நோயில் விழுந்ததைப் பார்த்து ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இந்தக் கல்லையே தடை செய்துவிட்டது. உலகில் அப்படிச் செய்த முதல் நாடு அது. இங்கே கல் அறுக்க வரும் பையன் முகத்தில் கைக்குட்டை கட்டியிருக்கிறான். தண்ணீர் விட்டு அறுத்தால் தூசி பெருமளவு குறையும். 'ஹால் நனைஞ்சிடும், வெளியில வச்சு அறுக்கச் சொல்லுங்க' என்கிறார்கள் வீட்டுக்காரர்கள். வெளியில், உலர்வாக, அவன் அறுக்கிறான். வீட்டின் சுத்தத்துக்காக அவன் நுரையீரல் வெள்ளையாகிறது. சமையலறை முடிந்ததும் தண்ணீர் குடிக்க அவனுக்கும் பேப்பர் கப்தான்.

அந்த வெள்ளைச் சமையலறைக்கு நான் போட்ட எஸ்டிமேட் நாலரை லட்சம். 2024இல் தொடங்கிய 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தில் 360 சதுர அடி வீடு முழுவதற்கும் அரசு தருவது 3.5 லட்சம். அந்த வீடுகள் எங்கள் காலனியிலும் எழும்புகின்றன. அதில் அடுப்படிக்குக் கிடைப்பது ஒரு மூலைதான். ஆனால் காலத்துக்கும் பழசாகாத வெள்ளை எங்கள் தெருவுக்கு எப்போதோ தெரியும். அதன் பெயர் சுண்ணாம்பு. பொங்கலுக்கு முன் வாளியில் கரைத்து மட்டையால் அடிப்போம். சுண்ணாம்பின் காரம் பூஞ்சையையும் பூச்சியையும் அண்ட விடாது, சுவர் மூச்சு விடும், விலை குறைவு. பன்னிரண்டு மாதத்தில் புகையேறிப் போகும், மறுபடி அடிப்போம். அது பழசாகாததற்குக் காரணம் அழுக்காகாததல்ல, ஆண்டுதோறும் நாங்கள் ஏணி போட்டு ஏறியது.

வெள்ளை கேட்டு வருகிறவர்களுக்கு நான் இப்போது வரைவது இப்படித்தான். சுவரும் மேல் அலமாரியும் வெள்ளை, அதுவும் பளபளப்பில்லாத, கொஞ்சம் மோர் நிறம் கலந்த வெள்ளை. மேடைக்குக் கறுப்பு கிரானைட் அல்லது கடப்பா, மஞ்சளுக்கும் சூட்டுக்கும் அது அஞ்சாது. அதிலும் சிலிக்கா உண்டு, குவார்ட்ஸை விடக் குறைவு. தண்ணீர் விட்டுத்தான் அறுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுகிறேன். பெரிய சன்னல், கிழக்கே கிடைத்தால் கிழக்கே, இல்லையென்றால் காற்று வரும் பக்கம். அக்னி மூலையைப் பற்றிக் கேட்டால் சிம்னிக் குழாய் எந்தப் பக்கம் போக வசதி என்று திருப்பிக் கேட்கிறேன். இருவர் முட்டிக்கொள்ளாமல் நிற்க நாலடி நடைவெளி, ஏனென்றால் வீட்டு ஆண்கள் 'உள்ளே இடமில்லை' என்று இனிமேல் தப்பிக்கக்கூடாது. உட்கார்ந்து காய் நறுக்க ஒரு தாழ்ந்த மேடை. ஆழமான ஒரே சிங்க், ஒரே குழாய். பாத்திரம் தேய்க்க வருகிறவரும் முன்கூடம் வழியாக வருகிற ஒரே வழி. தண்ணீர் வடிய, துணி துவைக்க யுட்டிலிட்டி உண்டு, ஆனால் உள்ளிருந்து பூட்டும் பின்கதவை நான் வரைவதில்லை. வேண்டும் என்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளலாம், சிலர் பார்த்துக்கொண்டார்கள். கையில் வேலை குறைந்த மாதங்களும் உண்டு.

எஸ்டிமேட்டின் கடைசி வரியில், கைப்பிடிக்கும் கீலுக்கும் கீழே, இன்னொன்றையும் சேர்க்கிறேன். எவர்சில்வர் டம்ளர், ஒரே அளவு, இரண்டு டஜன். பல பேர் சிரிக்கிறார்கள். சிலர் பேனாவால் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார்கள். ஒரு அக்கா மட்டும் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, இரண்டு டஜன் எதற்கு, வீட்டில் நாலு பேர்தானே என்று கேட்டார். வேலைக்கு வருகிறவர்கள், கல் அறுக்கிறவர்கள், குப்பை எடுக்க வருகிறவர்கள், அளவெடுக்க வருகிற நான் என்று விரல்விட்டு எண்ணிச் சொன்னேன். அவர் பதில் எதுவும் சொல்லவில்லை. அந்த வரியை அடிக்கவும் இல்லை.